கல்லூரியில் சேராத துறைகள் கோர்ட்டில் சேர்ந்தன!

அணை கட்டிக் கொடுத்தால் விவசாயி என்ன கேட்பார்? ‘மதகைத் திறங்க’ என்பார். தமிழ்நாட்டில் காலங்காலமாக மனுவும் மறியலும் அதற்காகத்தான் நடக்கின்றன. நொய்யல் ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. கட்டிய சில வருடங்களிலேயே அந்த அணையின் ஆயக்கட்டு விவசாயிகள் கோரிக்கையைத் திருப்பிப் போட்டார்கள். ‘தயவுபண்ணித் திறக்காதீங்க!’

உள்ளே நின்றது ஆற்றுத் தண்ணீர் அல்ல. திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவு, கறுத்து, நுரைத்து, மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. திறந்தால் கீழே உள்ள வயல் கெடும். திறக்காவிட்டால் அணையைச் சுற்றியுள்ள கிணறுகளில் இறங்கும். அணையைக் கட்டிய பொறியாளர்கள் மழையையும் நீர்வரத்தையும் கணக்குப் போட்டிருந்தார்கள். அதே பத்தாண்டுகளில் மேலே ஒரு நகரம் பனியனால் பெருத்துக்கொண்டிருந்தது. அந்த நகரத்தின் கணக்கு வேறு ஏதோ ஓர் அலுவலகத்தில், வேறு ஒரு ஃபைலில் இருந்தது. இரண்டு ஃபைலும் ஒரே மேசைக்கு வரவில்லை.

சுற்றுச்சூழலையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களும் பேசுகின்றன. கவுன்சலிங் சீசன் வந்தால் ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்ற சொல் இல்லாத கல்லூரி விளம்பரமே இல்லை. தேசிய கல்விக் கொள்கை, ‘பல்துறைக் கல்வி’ என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறது. பெற்றோர்களும் கேட்கிறார்கள்: இதெல்லாம் படித்தால் என்ன கிடைக்கும்? நியாயமான கேள்விதான். ஆனால், இதைப் படிக்காததால் என்ன இழந்தோம் என்பதற்குத் திருப்பூரை விடத் தெளிவான கணக்கு வேறு இல்லை.

■ உப்பு எங்கே போகிறது?

ஒரு சாயப்பட்டறைக்குள் போவோம். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுகிறார்கள். தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின் தன்மை, சாயத்துக்கும் எதிர்மின் தன்மை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்த விலக்கத்தை உடைத்து, சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிட உப்பு வேண்டும். நேவி ப்ளூ, கறுப்பு, மெரூன் மாதிரி அடர் ஷேடுகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போகும். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். அதாவது, சாய மெஷினுக்குள் இருப்பது கடலை விட இரு மடங்கு கரிக்கும் தண்ணீர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த உப்பில் ஒரு கிராம்கூடத் துணியில் ஒட்டாது. சாயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அலசும்போது அப்படியே வெளியே வந்துவிடும். மூட்டை மூட்டையாக உள்ளே போவது அத்தனையும் சாக்கடையில் வெளியேறும்.

1990-களில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கலக்குவார்கள். நிறம் திரண்டு, சேறாக அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். கண்ணாடி ஜாடியில் பிடித்து, சுத்திகரிப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர்களுக்குத் திருப்தியாகத்தான் இருக்கும். மை போன்ற தண்ணீர் பச்சைத் தண்ணீர் ஆகிவிட்டதே!

நிறம் போனது, உப்பு போகவில்லை. கரைந்திருக்கும் உப்பைச் சுண்ணாம்பால் எடுக்க முடியாது. போட்ட ரசாயனங்களால் கரைபொருள் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆற்றில் விடும் தண்ணீரில் கரைபொருள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நிறத்தை எடுப்பதற்காக வடிவமைத்த நிலையம் அந்த விதிக்கு எப்படிப் பதில் சொல்லும்?

மண்ணியல் படித்தவர் ஒருவர் அந்த வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்திருந்தால், முதல் நாளே சொல்லியிருப்பார். உப்பிலுள்ள சோடியம், களிமண் துகள்களின் பிடிப்பைக் கலைத்துவிடும். மண் காயும்போது ஓடு போல இறுகும். அடுத்த மழை உள்ளே இறங்காது. தென்னை குரும்பையை உதிர்க்கும். மஞ்சளும் நெல்லும் பயிரிட்ட இடத்தில், உப்பைத் தாங்கும் தீவனப் பயிர்தான் மிஞ்சும். இது மண்ணியல் துறையில் இளங்கலைப் பாடம். சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டியது வேறு துறை. இரண்டு துறையையும் ஒரே கோப்பில் வைக்க, நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

■ தீர்ப்பு எழுதிய பாடத்திட்டம்

நீதிமன்றத்தின் கதையைப் பாலாற்றில் ஆரம்பிக்கலாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, இந்தியச் சட்டக் கல்லூரிகள் அனைத்திலும் இன்று பாடம். ‘கெடுத்தவன் காசு கொடுக்க வேண்டும்’, ‘ஆபத்து நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும்’ என்ற இரண்டு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது.

தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் மட்டும் படிக்கிறார்கள். பொறியியல் மாணவர்களும் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதன் ஆரம்பப் பக்கங்களைப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அதில் இருக்கிறது: தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போய்விட்டது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எண்ணிய கிணறுகள் இருக்கின்றன: 467-ல் 350 கெட்டுவிட்டன. ஒரு கிலோ தோலுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், பதனிடுவதில் எத்தனை வகை ரசாயனம் என்பதும் இருக்கிறது. வேளாண் விஞ்ஞானியின் எண், கிராமத்துக் கிணற்றடிக் கணக்கு, ரசாயனம், சட்டம் நான்கும் ஒரே தாளில். நம் பல்கலைக்கழகங்களில் அப்போது எந்த ஒரு துறையும் இப்படி ஓர் ஆவணத்தைத் தயாரித்ததாகத் தெரியவில்லை. நீதிமன்றம் தயாரித்தது.

அந்தத் தீர்ப்பின்படி, சூழல் இழப்பைக் கணக்கிட்டு நஷ்ட ஈடு வாங்கித் தர ஓர் ஆணையம் அமைந்தது. ‘ஒரு ஏக்கர் மண் கெட்டால் அதன் விலை என்ன?’ என்ற கேள்விக்கு அதிகாரப்பூர்வமான பதில் தமிழ்நாட்டில் அப்போதுதான் தேடப்பட்டது. நொய்யல் படுகைக்கு அந்த ஆணையம் 2004-ல் போட்ட கணக்கு: பாதிக்கப்பட்ட விவசாயிகள் சுமார் 28,000 பேர்; தொகை சுமார் 25 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய் வாக்கில் வருகிறது. ஒரு கிணற்றைத் தூர்வாரவே காணாது. மதராஸ் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள் இதே படுகையில் விவசாயம், குடிநீர், மீன்பிடிப்பு என்று தனித்தனியாக இழப்பை அளந்து பார்த்தார்கள். பயிர் மகசூலோடு மட்டும் நிற்கிற கணக்கு எவ்வளவு குறுகலானது என்பது அப்படி அளந்தால்தான் தெரியும்.

பிறகு, நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பர் தீர்ப்பு சாயப்பட்டறைகளை ‘ஒரு சொட்டுக்கூட வெளியே விடாதே’ என்றது. அதுதான் ஜீரோ டிஸ்சார்ஜ். அதைச் செய்து முடிக்கும் வரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் ஆரம்பித்து அபராதம். உச்ச நீதிமன்றமும் 2009-ல் அதை உறுதி செய்தது. காலக்கெடு கடந்தது, கழிவு நிற்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில், 2011 ஜனவரி 28-ல் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் ஒரே உத்தரவில் மெஷின் நின்றது.

━━━━━━━━━━
நீதிமன்றம் நடத்திய வகுப்பு

1991 நவம்பர் 22: எம்.சி.மேத்தா வழக்கு. பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க உச்ச நீதிமன்றம் சொல்கிறது.

1996 ஆகஸ்ட் 28: வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் தீர்ப்பு.

2003 டிசம்பர் 18: பாடத்தை இன்னும் நடத்தவில்லையே என்று மீண்டும் உச்ச நீதிமன்றம். யு.ஜி.சி.யின் ஆறு மாதப் பொதுப் பாடம் இதன் பிறகே பரவலாக நடைமுறைக்கு வருகிறது.

2006 டிசம்பர்: நொய்யல் வழக்கில் ஜீரோ டிஸ்சார்ஜ் உத்தரவு.

2011 ஜனவரி 28: திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடல்.

2025 ஜனவரி 30: வேலூர் தோல் கழிவு வழக்கில் நஷ்ட ஈட்டைக் கொடுத்து முடிக்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவு. முதல் தீர்ப்பு வந்து 28 வருடங்கள் ஆகிவிட்டன.
━━━━━━━━━━

■ மூடிய பிறகு...

இங்கிருந்துதான் கதை சிக்கலாகிறது. ஆற்றின் பக்கம் நிற்பவர்களும் ஆலையின் பக்கம் நிற்பவர்களும் இந்த இடத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

பட்டறை மூடினால் துணிக்கு நிறம் இல்லை. நிறம் இல்லையென்றால் கட்டிங் இல்லை, தையல் இல்லை, ஷிப்மென்ட் இல்லை. சாயத்தோடு நேரடியாகச் சம்பந்தமே இல்லாத பவர் டேபிள் தொழிலாளிக்கு வேலை போனது. ஆர்டர்கள் வெளிமாநிலங்களில் சாயம் ஏற்றப் போயின. சிறு பட்டறைகள் சில, இரவோடு இரவாகப் பக்கத்து மாவட்டங்களுக்கு இடம்பெயர்ந்து, அனுமதி இல்லாமல் ஆற்றங்கரை ஓரம் கடை விரித்தன. நொய்யலில் நிறுத்தியது காவிரி, பவானிப் பக்கம் போய்த் தலைகாட்டியது. ஒரு நகரத்துக்கு மட்டும் விதி போட்டால் அசுத்தம் ஊர் மாறும் என்பது பொருளாதாரம் படிப்பவர்களுக்குப் பழைய பாடம். அவர்களை யாரும் முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு தொழில்நுட்பம் வந்தது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக மாறின. கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போகும், பிறகு ஆர்.ஓ. சவ்வு. நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பும். மிஞ்சும் ‘ரிஜெக்ட்’டைக் கொதிக்கவைத்து, வற்றவைத்து, உப்பாக எடுக்க வேண்டும். அருள்புரம் நிலையத்தில் இன்னொரு வழியும் பிறந்தது: ரிஜெக்ட்டை முழுதாக வற்ற வைப்பானேன்? அதைச் சுத்தப்படுத்தி, உப்புக் கரைசலாகவே மறுபடி சாய மெஷினுக்கு அனுப்பினால், தண்ணீரும் மிச்சம் உப்பும் மிச்சம். சாப்பாட்டு உப்புக்குப் பதில் சோடியம் சல்ஃபேட்டுக்கு மாறியது இதற்குப் பெரிய உதவி; அதை மீட்டெடுப்பது சுலபம். சாயம் போடுகிற முறையும் சுத்திகரிக்கும் முறையும் ஒன்றுக்கொன்று பேசியபோதுதான் இந்த வழி பிறந்தது என்பதைக் கவனியுங்கள். அதுவரை முன்னது டெக்ஸ்டைல் துறை, பின்னது சிவில் துறை.

இன்று இந்தியாவின் எந்தத் தொழில் நகரத்துக்கும் திருப்பூர் முன்னோடிதான். உபயோகித்த தண்ணீரில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டே, ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால், அதே நிலையங்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஷெட்டுகளில் மூட்டைகள் அடுக்கியிருக்கும். கலப்பு உப்பு. சோடியம் குளோரைடும் சல்ஃபேட்டும் சாய மிச்சமும் கலந்து, எதற்கும் உபயோகப்படாத உப்பு. மழையில் நனையவிட்டால் மறுபடி ஆற்றுக்கு. எங்கே கொட்டுவது என்ற கேள்வி பத்தாண்டுகளுக்கு மேலாக நிற்கிறது.

வற்ற வைக்க நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர். பாய்லருக்கு விறகு, இல்லாவிட்டால் நிலக்கரி, மேலே மின்சாரம். தண்ணீரைக் காப்பாற்ற எரிக்கிற எரிபொருள் காற்றுக் கணக்கில் ஏறுகிறது. நீர் அறிவியல் துறையின் வெற்றி, காலநிலைத் துறையின் தலைவலி. ‘ஒரு சொட்டுக்கூட விடாதே’ என்று எழுதிய தீர்ப்பில் பாய்லரின் புகை பற்றி ஒன்றும் இருக்க முடியாது. வழக்கு ஆற்றைப் பற்றியது. நீதிமன்றம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பது பல்கலைக்கழகத்தின் வேலை.

இன்னொரு கணக்கும் உண்டு. திருப்பூரின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க, பவானி அருகிலிருந்து ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005 வாக்கில் ஓட ஆரம்பித்தது. தனியார் பங்கேற்போடு வந்த பெரிய குழாய்த் திட்டம். ஆலைகள் காசு கொடுத்து வாங்கும் என்பதுதான் அதன் வரவு செலவின் அஸ்திவாரம். அடுத்த வருடமே ஜீரோ டிஸ்சார்ஜ் உத்தரவு. பட்டறைகள் தங்கள் தண்ணீரையே திரும்பத் திரும்ப உபயோகிக்கத் தொடங்கினால், குழாய்த் தண்ணீரை வாங்குவது யார்? நிதி நிபுணர்கள் போட்ட கணக்கை வேதிப் பொறியாளர்கள் மாற்றி எழுதினார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

━━━━━━━━━━
சிவப்புக் குழாய், பச்சைக் குழாய்

துறைகள் பேசாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் கண்ட மிகப் பெரிய உதாரணம் வங்கத்தில் இருக்கிறது. குளத்து நீரில் காலரா, வயிற்றுப்போக்கு. அதைத் தடுக்க 1970-களிலிருந்து கிராமம்தோறும் அடிபம்பு போட்டார்கள். கிருமி இல்லாத நீர் கிடைத்தது. அந்த நிலத்தடியில் ஆர்சனிக் இருந்தது; யாரும் பார்க்கவில்லை.

1983-ல் கொல்கத்தாவில் தோல் நோய் நிபுணர் கே.சி.சாஹா, கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் கை, கால் புண்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில், வேதியியலாளர் தீபங்கர் சக்ரவர்த்தியின் சுற்றுச்சூழல் ஆய்வுப் பள்ளி வருடக்கணக்கில் கிராமம் கிராமமாகப் போய்த் தண்ணீரையும் நகத்தையும் முடியையும் சோதித்தது. வங்கதேசத்தில் 2000-களின் தொடக்கத்தில் சுமார் 50 லட்சம் அடிபம்புகளைச் சோதித்து, அளவுக்கு மீறி ஆர்சனிக் உள்ளவற்றுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள்.

குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசத்தின் அளவு 50.
━━━━━━━━━━

■ சாணத்தைக் கொடுத்துத் தண்ணீர் வாங்கிய ஊர்

பல்கலைக்கழகத்தால் முடியவே முடியாதா? முடியும். நமக்குப் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா குமார் என். ரெட்டி என்று ஒரு பேராசிரியர். மின்வேதியியலில் உலகம் முழுக்கப் பாடப்புத்தகமாக ஓடிய நூலின் இணை ஆசிரியர். அந்தத் துறையிலேயே இருந்திருந்தால் விருதுகளோடு ஓய்வு பெற்றிருக்கலாம். 1974-ல் அவர் ‘அஸ்த்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராமங்களுக்கு அறிவியலைக் கொண்டுபோவது நோக்கம். துமகூரு மாவட்டத்து உங்ரா கிராமத்தில் கிளை. சிவில், மெக்கானிக்கல், வேதியியல் எல்லாத் துறைக்காரர்களும் ஒரே கூரைக்குக் கீழ்.

உங்ராவுக்குப் பக்கத்தில் புரா என்று நூறு வீடுகூட இல்லாத சிற்றூர். சாண எரிவாயுக் கலன் போட்டு, வீட்டுக்கு வீடு சமையல் வாயு கொடுப்பது முதல் திட்டம். காகிதத்தில் கச்சிதம். ஊரில் எடுபடவில்லை. எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதுமான வாயு வரவில்லை. விறகு எப்படியும் பொறுக்கிக்கொள்ளலாம் என்று பெண்கள் இருந்தார்கள். ஊருக்கு உண்மையில் வேண்டியிருந்தது குடிதண்ணீர்.

இந்த இடத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்காரர் ‘மக்களுக்கு விழிப்புணர்வு போதாது’ என்று அறிக்கை எழுதி மூடியிருப்பார். அஸ்த்ராகாரர்கள் திட்டத்தைத் திருப்பினார்கள். அதே சாணம், அதே கலன். வாயுவை எடுத்து எஞ்சினில் விட்டு மின்சாரம். மின்சாரத்தில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார், வீட்டுக்கு விளக்கு. 1987-லிருந்து ஓடியது. சாணத்தைக் கொண்டுவந்தவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. கலனிலிருந்து வரும் குழம்பும் உரமாகத் திரும்பியது. பொறியியல் எதுவும் புதிதல்ல. கேள்வியை மாற்றிக் கேட்டதுதான் புதிது.

அஸ்த்ரா இன்று ‘நிலைத்த தொழில்நுட்ப மையம்’ என்ற பெயரில் அதே வளாகத்தில் இயங்குகிறது. சூழலியலுக்கென மாதவ் காட்கில் அதே கழகத்தில் 1983-ல் ஒரு மையத்தைத் தொடங்கினார். ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது சாட்சி. இரண்டுக்கும் பின்னால் பிடிவாதக்காரர் ஒருவர் தேவைப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமைப்பே அதைச் செய்துவிடவில்லை.

■ ‘ஸ்கோரிங் பேப்பர் சார்!’

திரும்பி நம் கல்லூரிக்கு வருவோம். எந்தப் பொறியியல் கல்லூரி கேன்டீனிலும் சுற்றுச்சூழல் பாடத்தைப் பற்றிக் கேளுங்கள். ‘ஈ.வி.எஸ்.ஸா? அது ஸ்கோரிங் பேப்பர் சார்’ என்பார்கள். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி போதும். ஓசோன் படலம், அமில மழை, உணவுச் சங்கிலி, மழைநீர் சேகரிப்பு. பத்து மார்க் கேள்விக்கு ஒரு படம் போட்டால் முடிந்தது.

பாடமும் கோர்ட் உத்தரவில் பிறந்ததுதான். 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; 12 வருடம் கழித்து மறுபடி அதட்டிய பிறகே யு.ஜி.சி. பாடத்திட்டம் பரவலாக நடைமுறைக்கு வந்தது. எராக் பருச்சா உள்ளிட்டோரின் குழு தயாரித்த அந்தப் பாடத்திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 50 வகுப்பில் 5 களத்துக்கு. 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு. மாசுபட்ட ஓர் உள்ளூர் இடத்துக்கு மாணவர்கள் நேரில் போக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ‘சுற்றுச்சூழல் அறிவியலும் நிலைத்தன்மையும்’ என்று பெயர்கூட மாறி வந்துவிட்டது. பாடக் குறியீடு ஜி.இ. 3451, இரண்டு கிரெடிட்.

அந்த 25 மதிப்பெண் என்ன ஆனது? பெரும்பாலான இடங்களில் ரெக்கார்டு நோட்டாகச் சுருங்கியது. சீனியரிடம் வாங்கி, தேதியை மாற்றி எழுதும் நோட்டு. கரூரில் படிக்கும் பையன் நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்தைப் பார்க்காமலேயே ‘நீர் மாசுபாட்டின் வகைகள்’ எழுதித் தேறுகிறான். ஆம்பூரில் படிக்கும் பெண், தோல் ஷாப்பைப் பார்க்காமல் குரோமியத்தின் தீமைகளைப் பட்டியல் போடுகிறாள். ஆற்றை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு படத்தில் பார்ப்பது எவ்வளவு பெரிய வீண்!

வாத்தியார்களைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை. பஸ்ஸுக்குக் காசு, பாதுகாப்புக்குப் பொறுப்பு, நிலையத்துக்குள் அனுமதி எல்லாம் ஒரு விரிவுரையாளர் தலையில். அந்தப் பாடத்தை எடுப்பவரே பெரும்பாலும் வேதியியல் துறையிலிருந்து ‘மணி நேரம் குறைகிறது’ என்று தள்ளிவிடப்பட்டவர்.

■ ஈக்குவலன்ஸ் என்னும் சுவர்

சரி, ஆர்வமுள்ள ஒரு மாணவி எல்லாவற்றையும் மீறி இரண்டு துறைகளைச் சேர்த்துப் படிக்கிறாள் என்று வையுங்கள். படித்து முடித்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வரும் சொல்: ‘ஈக்குவலன்ஸ்’. புதுப்பெயர் கொண்ட பட்டம், பழைய பட்டத்துக்கு இணையா, இல்லையா என்று அரசாணை பார்ப்பார்கள். இணையில்லை என்று வந்துவிட்டால் படித்த படிப்பு வேலைக்கு உதவாது. அரசாணையைத் தேடி அலைந்த பட்டதாரிகளுக்கு இந்தச் சுவரின் உயரம் தெரியும்.

ஆராய்ச்சியிலும் அதே கதை. முனைவர் பட்டத்தைப் பெரும்பாலும் ஒரு துறையில்தான் பதிய முடிகிறது. வழிகாட்டி, தேர்வாளர், பதவி உயர்வு எல்லாம் அந்தத் துறை வழியாக. சாயக் கழிவையும் அதனால் இடம்பெயர்ந்த குடும்பத்தையும் சேர்த்து ஆராய்ந்தால், ‘இது சமூகவியல்’ என்று வேதியியல்காரர் சொல்வார். ‘இதில் ஃபார்முலா ஜாஸ்தி’ என்று சமூகவியல்காரர் சொல்வார். இடையில் நிற்பவருக்கு வேலை கிடைக்காது. பல்துறைக் கல்வி பற்றிக் கருத்தரங்கு நடத்தும் துணைவேந்தர்கள், தங்கள் பல்கலைக்கழகத்தின் பதிவு விதியைக் கொஞ்சம் எடுத்துப் படித்தால் போதும்.

மாற்ற முடியாததா இது? கலப்பு உப்புக்கு ஒரு வழி கண்டுபிடிப்பதைத் தமிழ்நாட்டின் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்ளட்டும். வேதிப் பொறியாளர் உப்பைப் பிரிக்கட்டும். மண்ணியலாளர் ஆயக்கட்டு மண்ணை வருடாவருடம் சோதிக்கட்டும். பொருளாதாரம் படித்தவர் சிறு பட்டறைக்கு எது கட்டுப்படியாகும் என்று சொல்லட்டும். சட்டம் படித்தவர் நஷ்ட ஈட்டுக் கணக்கைத் திரும்ப எழுதட்டும். அந்த நான்கு பேருக்கும் ஒரே ஆய்வேட்டில் பெயர் போடவும், அதற்குப் பதவி உயர்வில் மதிப்புத் தரவும் சிண்டிகேட் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். அரசும் ஈக்குவலன்ஸ் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை, மாணவர்கள் சேர்வதற்கு முன்பே, வெளியிட்டால் பாதி அலைச்சல் தீரும்.

அதுவரை, கல்லூரி தேடும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிளேஸ்மென்ட் எத்தனை சதவிகிதம் என்று கேட்கிறீர்கள், கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: ‘சுற்றுச்சூழல் பாடத்தின் களப்பணிக்குப் போன வருடம் பிள்ளைகளை எந்த ஆற்றுக்கு, எந்த ஏரிக்கு, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போனீர்கள்?’ இதற்குப் புது சட்டம் வேண்டாம், புது அரசாணை வேண்டாம். களத்துக்கான அந்த 25 மதிப்பெண் 2004-லேயே பாடத்திட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.